தீர்மானம் மாமாவின் முதல் கடப்பாரை

தும்மல் வந்தால்கூட அதை முன்மொழிந்து, வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றிய பிறகே மூக்கைத் துடைத்துக்கொள்ளும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கடலூர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, நிறைய அசதி.

பெயர் தீர்மானம் மாமா. வீட்டில் வைத்த பெயரை அவர் ரேஷன் கார்டு மட்டும் நினைவில் வைத்திருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். எதிரே என் ஜெராக்ஸ் கடை. தெருவின் வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் நிரந்தரச் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவிடவில்லை. சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம் எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். சட்டை மாற்றும்போது மட்டும் இன்னொரு கக்கத்துக்குப் போகும் என்று அத்தையே சொல்லியிருக்கிறாள்.

அவர் எழுதும் தீர்மானங்களை டைப் அடித்துக் கொடுப்பது என் தலையெழுத்து. "டீயில சக்கர கம்மியா இருக்கே" என்று நான் வாய் தவறிச் சொன்னால் போதும்.

"மாப்ள, இத சும்மா விடக்கூடாது. எழுது. தீர்மானம் ஒண்ணு."

"மாமா, டீக்கடைக்காரர்கிட்ட ஒரு ஸ்பூன் கேட்டா போட்டுக் குடுத்துடுவாரு."

"அது தனிமனுசன் கேக்கறது. இது சங்கம் கேக்கறது."

தீர்மானம் டைப் ஆகி, கையெழுத்தாகிப் போய்ச் சேரும்போது டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அத்தை ஒருத்திதான் அவரை அடக்குவாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினாலே, "இங்க கூட்டம் கீட்டம் எதுவும் கெடையாது. தோசதான். ஒக்காந்து சாப்பிடுங்க" என்பாள்.

ஒரு கோடையில் தெருவுக்குத் தண்ணீர்ப் பானை வைக்க முடிவானது. பேக்கரி வாசலில் என்று திங்கட்கிழமை ஒரு தீர்மானம். செருப்புக்கடை வாசலில் என்று செவ்வாய்க்கிழமை ஒரு திருத்தம். புதன்கிழமை இன்னொரு திருத்தம். பானை ஒரு வாரம் ஊர்வலம் போனதே தவிர, ஒரு ஆள் தண்ணீர் குடிக்கவில்லை. மாமாவுக்குக் கோபம் வந்து ஒரு விதி கொண்டுவந்தார்: கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை மூன்று மாதத்துக்கு யாரும் திருத்தக்கூடாது. நாங்கள் எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். எங்களுக்கு என்ன தெரியும்?

இதற்குள் தெரு படுத்துவிட்டது. பைபாஸில் பெரிய பெரிய கடைகள் வந்தன. அங்கே வண்டி நிறுத்த இடம் இருந்தது, நடக்க இடம் இருந்தது. எங்கள் தெருவில் இருந்ததெல்லாம் நாங்கள்தான். ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை என் கடையில் ஒரே ஒரு ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஆனது. அதுவும் என் மாமியாருடையது, ஓசி.

அப்போதுதான் மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வந்தார். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். சங்கக் கூட்டத்தில் நின்றபடியே பேசினார்.

"நடைபாதை, வெளக்கு, பெஞ்சு, கால்வாய் எல்லாம் நாங்க போட்டுத் தர்றோம் சார். ரோட்டுப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்கறத நீங்களே எடுத்துக் குடுங்க. அப்பறம் செடிக்குத் தண்ணி, வாசல் சுத்தம், ஒரே மாதிரி போர்டு, இதெல்லாம் உங்க பொறுப்பு. நாங்க பாதி, நீங்க பாதி. ஒரு மாசத்துல எடுக்கலன்னா இது வேற தெருவுக்குப் போயிடும்."

இழுத்துக் கட்டிய கதையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். தீபாவளி வியாபாரத்துக்காகக் கடை முன்னால் ஒரு பந்தல் போடுவோம். பந்தலில் மழைத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று கீழே ஒரு சின்ன மேடை. தீபாவளி முடிந்ததும் பந்தலை மரியாதையாகப் பிரித்துவிடுவோம். மேடை இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அந்த மேடைக்கு முன்னால் ஒரு பந்தல். யாரும் ஆக்கிரமிக்கவில்லை சார், பண்டிகை கொண்டாடினோம், அவ்வளவுதான். என் கடைக்கும் இரண்டு தீபாவளி நீளம் இருந்தது.

யார் முதலில் இடிப்பது? அதில்தான் கூட்டம் நின்றது. "நீ இடி, பின்னாடியே நான் இடிக்கறேன்" என்று ஆளாளுக்கு உபசரித்தார்கள். மாமாவின் பார்வை மெல்ல பேக்கரி பாய் பக்கம் போனது. பாயின் பஜ்ஜி அடுப்பு ரோட்டில் எரிவதும், அந்தப் புகை மாமாவின் வாளிகளைக் கறுப்பாக்குவதும் நெடுநாள் வழக்கு.

"தீர்மானம்" என்றார் மாமா. "எந்தக் கட ரோட்டுக்கு ஜாஸ்தி வந்துருக்குதோ, அந்தக் கடையிலதான் மொதல் கடப்பார. கடக்காரரே போடணும்."

"மாமா, இது எனக்குன்னு எழுதுன மாதிரி இருக்குதே" என்றார் பாய்.

"தீர்மானத்துக்கு மொகம் பாக்கத் தெரியாது பாய்."

ஒருமனதாக நிறைவேறியது. நான்தான் டைப் அடித்தேன். மூன்று காப்பி.

மறுநாள் இன்ஜினியரம்மா டேப்போடு வந்தார். பாயின் கடை மூன்றரை அடி. மாமா மினிட்ஸ் புத்தகத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டார். பிறகு டேப் எதிர்ப்பக்கம் வந்தது. வாளி அடுக்கைத் தாண்டியது. தொங்கும் மக்குகளை விலக்கியது. துடைப்பக் கட்டுக்குள் நுழைந்தது. "இன்னும் போவுது சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கடைசியில் ஏழே கால் அடி.

மாமா விசிறுவதை நிறுத்தினார்.

"டேப்பு நனஞ்சி சுருங்கியிருக்கும்மா. நல்லா பாருங்க" என்றார் மாமா.

"இரும்பு டேப்பு சார்."

ஏழே கால் போக, சுவரோடு மிஞ்சியது நாலடி. மாமாவின் கடையில் பாதிக்கும் மேல் ரோடுதான் என்பது மாமாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். இருபது தீபாவளியை அவர் எண்ணவே இல்லை. பார்க்காமலே வாழ்ந்திருக்கிறார், பாவம். நாலடியில் வாளியை வைத்தால் ஆள் நிற்க முடியாது, ஆள் நின்றால் வாளி வைக்க முடியாது. இடித்தால் அவர் கடை போச்சு. இடிக்காவிட்டால் ஒருத்தரும் இடிக்கப்போவதில்லை, தெரு போச்சு.

நான்கு நாள் மாமா மினிட்ஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு தீர்மானம்கூட இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் பாயே அவர் கடைக்கு வந்தார். நானும் கூடப் போனேன்.

"மாமா, புத்தகத்துல அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சிடலாம். யாருக்கும் தெரியாது. நான் மொதல்ல இடிக்கறேன். நீங்க ஒரு ஓரமா ரெண்டடி எடுத்துடுங்க, போதும்."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "மூணு மாசம் திருத்தக்கூடாது பாய்."

"யாரு போட்ட விதி அது? நீங்கதான?"

"அதனாலதான் சொல்றேன்."

அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தாளு அடுப்ப நெனச்சிகினுதான் மாப்ள எழுதுனேன். மனசுல கெட்ட எண்ணம். அதான் திரும்பி என் வாசல்லயே வந்து நின்னுச்சி" என்றார். அவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை வாளிகளெல்லாம் தெருவில் வரிசையாக நின்றன. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, தன் மேடைக்கே தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டார். நங்கென்று ஒரு சத்தம் வந்தது, மேடையில் ஒரு கீறல் விழவில்லை. நல்ல சிமெண்டு.

"ஒழுங்கா கட்டித் தொலைச்சிருக்கீங்களே!" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள்.

பாய் தன் கடப்பாரையோடு வந்து பக்கத்தில் நின்றார். ரெண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பத்தாவது அடியில் பெயர்ந்தது. அதற்குப் பிறகு தெரு முழுக்க ஒரே புழுதி. என் இரண்டு தீபாவளியும் மத்தியானத்துக்குள் போய்விட்டன.

இப்போது எங்கள் தெருவில் பெண்கள் கைக்குழந்தையோடு நிதானமாக நடக்கிறார்கள். ஜனம் பைபாஸிலிருந்து திரும்பி வருகிறது. பாய் கடையில் இடம் கிடைக்க நிற்கவேண்டியிருக்கிறது. என் கடையில் வரிசையே நிற்கிறது, அதில் என் மாமியார் இல்லை. மாமா மட்டும் நாலடியில் ஆறு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை. கடையை மூடிவிட்டு, அத்தையோடு சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில் மகள் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். அவர் கடை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் மாநகராட்சி ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்ப்பார். "கூட்டம் ஜாஸ்தியாதான் இருக்குது, இல்ல மாப்ள?" என்று நான்கைந்து முறை கேட்பார். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அவர் யாரென்று தெரியாது. அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எங்களில் யாருக்கும் இதுவரை தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியது, வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸெல்லாம் லீவு. ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஈ காக்கா வராது. நான் மட்டும் காலை ஒன்பதுக்கே கடையைத் திறந்து, எதிர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, சிதம்பரம் பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.