பிரதி: முகாமையாளர் அவர்களுக்கு

பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடங்கள் லிகிதராக இருந்தவன் நான். ‘அந்தரங்கம்’ என்று முத்திரை குத்திய கோவைகள் என் அலுமாரியில்தான் பூட்டிக் கிடக்கும். ஒரு வரிகூட வெளியே போனதில்லை. என் கையால் வெளியே போன ஒரே இரகசியம் என் மகளுடையது.

ஓய்வு பெற்றதும் மகள் தேன்மொழி ஒரு போனைக் கொடுத்து, பேஸ்புக்கும் திறந்து தந்தாள்.

“யார் யார் பாக்கலாம்னு இங்க மாத்திக்கலாம்ப்பா. தெரிஞ்சவங்கள மட்டும் சேருங்க.”

எனக்குத்தான் ஊரையே தெரியுமே. எல்ல என்ற ஊரில் அவள் வேலை பார்த்த ஹோட்டலின் முகாமையாளரையும் சேர்த்துக்கொண்டேன். (நட்புக் கோரிக்கை அனுப்பியது நான்தான்.) பதிவுகளை உத்தியோகக் கடிதம் போலவே எழுதினேன். மேலே விடயம், பந்திகளுக்கு இலக்கம், கீழே பிரதிகள். பிரதி பெறுவோர் அனைவரையும் டேக் செய்துவிடுவேன். எங்கள் வாழைக்குலை பழுத்த செய்தி பதினெட்டுப் பேருக்குப் பிரதியிடப்பட்டது.

ஒருநாள் தேன்மொழி கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். பெரிய ஹோட்டல், நல்ல பதவி. “கெடைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்கப்பா” என்றாள். காலையில், உள்ளே போகுமுன் எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாள். நீலச் சேலை. கீழே, “சேல நல்லா இருக்காப்பா?”

நான் பதில் எழுதவில்லை. பதிவு எழுதினேன். பெருமையில் அவள் சொன்னதை மறந்து, மகள் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள் என்று ஊரறியச் சொல்லி, படத்தையும் இணைத்தேன். அரச விதிப்படி விண்ணப்பம் எதுவும் தலைமை அதிகாரி ஊடாகத்தான் போக வேண்டும். இந்தப் பெண் அதைச் செய்யவில்லையே என்ற உறுத்தல் எனக்கு. ஆகவே முறைகேட்டைச் சீராக்கும் பொருட்டு, பிரதிகளில் முதலாவதாக முகாமையாளரைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து பூங்கொத்துடன் ஒரு வரி வந்தது: “விரைவில் குணமடையட்டும்.”

பாவம், எதையோ குழப்பிக்கொண்டார் என்று நினைத்து, “தங்கள் அக்கறைக்கு நன்றி. மகள் பூரண நலமாக இருக்கிறாள்” என்று பதில் போட்டேன்.

மத்தியானம் தேன்மொழி போனில் பேசினாள்.

“என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? நான் காய்ச்சல்னு லீவு போட்டிருக்கேன்!”

“அத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா லீவு விதிய பத்தி ரெண்டு மணித்தியாலம் பேசுவீங்க.”

(பேசியிருப்பேன்.)

“அத அழிங்க மொதல்ல!” என்று மனைவி பின்னாலிருந்து கத்தினாள். அழிக்கும் இடத்தை நான் கண்டுபிடிப்பதற்குள் நாற்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

எல்ல ஹோட்டல் அவளை இனி வர வேண்டாம் என்றது. கொழும்பு ஹோட்டல் வேறொருவரை எடுத்துக்கொண்டது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். காலையில் ஜன்னலோரம் நின்றபடியே தேநீர் குடிப்பாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியாவது ஆறியிருப்பேன்.

இப்போது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம்தான் எனக்குப் போன். படத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எதையும் போடுவதில்லை. “என் மூஞ்சிக்கும் அனுமதி கேக்கணுமாங்க?” என்று மனைவி சிரிக்கிறாள். வீட்டில் யாராவது “தேத்தண்ணி வேணும்” என்றாலே, “பிரதி யாருக்கு?” என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

தேன்மொழி இப்போது பண்டாரவளையில் வேலை செய்கிறாள். போன மாதம் அவளிடமிருந்து செய்தி: “விடயம்: எனது பதவி உயர்வு. பிரதி: அப்பா, தகவலுக்காக மட்டும்.” வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாரமாகவே தெரியுமாம். கடைசிப் பிரதி எனக்கு. விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு என் அரை மணி நேரத்தில் உட்கார்ந்து, நிலுவையில் கிடந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதினேன்.

“விடயம்: நீலச் சேலை. நன்றாக இருந்ததம்மா. அன்றைக்கு இதை மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும். பிரதி: எவருக்கும் இல்லை.”