அத்தைமேல் எறிந்த ஓகே

இரும்புக்கும் இரும்புக்கும் நெருப்பால் மணமுடிக்கும் பெருந்தகை, பட்டறையிலேயே ஆகப்பெரிய சோற்றுப்பாத்திரத்துக்கு உரிமையாளன், எங்கள் வெல்டர் வாழ்க! நாவில் குடியிருக்கும் தெய்வங்களே, பசித்த வயிற்றோடு அவன் போனில் நிகழ்த்திய பெரும்போரைப் பாட எமக்குச் சொல் தாருங்கள். வர நேரமில்லையென்றால் விடுங்கள், நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்.

உணவு வேளை மணி போர்முரசென அதிர, வெண்குன்றெனக் குவிந்த சோற்றின்மேல் அவனுடைய ஐவிரற்படை இறங்கிய அக்கணத்தில் போன் அலறியது. தண்ணீர் பாட்டிலில் அதைச் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டான். அழைத்தவள் அத்தை. அந்தச் சோற்றைக் கட்டிக்கொடுத்தவள்; "சாப்பிட்டியாடா?" என்று கேட்டே அவனைச் சாப்பிடவிடாமல் அடிக்கும் அருளாட்டி. அவள் ஆட்சியில் சட்டங்கள் இரண்டு: பெரியவர் வைக்கும்வரை சிறியவர் போனை வைக்கலாகாது, வாயில் சோற்றோடு பேசலாகாது. இவ்விரு மலைகளிடையே நசுங்கிய வீரனிடம் மிஞ்சியது ஒரே படைக்கலம்: சம்மதத்துக்கும் சலிப்புக்கும், கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வதற்கும் உலகோர் எடுத்து வீசும் ஓகே.

முதலில், 'விளங்கிற்று' எனும் பொருள்பட ஒரு குட்டை ஓகேயை அம்பென எய்தான். அதைப் பாராட்டென ஏந்திக்கொண்ட அத்தை, தண்ணீர் மோட்டாரை அணைக்காத மாடிவீட்டுக்காரியின் கொடுமைக்குத் தாவினாள். அடுத்து, 'போதும்' என்று பதமாகச் சொல்லும் நெடுவேலாம் "ஓ...கே..." பறந்தது.

"ஓகேன்னா ஆச்சா? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி அவள நாலு கேள்வி கேக்க வேணாமா?"

வேல் முறிந்தது. எத்தனையோ நெடும்பேச்சுகளின் கழுத்தை அறுத்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தான்: "ஓகே அத்தே, அப்போ..."

"அப்போன்னதும்தான் ஞாபகம் வருது!"

இதற்கிடையே, பருந்தென வட்டமிட்ட லேத்காரன், "நீ பேசு மச்சான், முட்டைக்கு நான் காவல்" என்று திருவாய் மலர்ந்து, அவித்த முட்டையைத் தன் வயிற்றுக்குள் பத்திரப்படுத்தினான்.

இழப்பின்மேல் இழப்பாகப் போர் நீண்டு, பொறுமையெனும் கோட்டையின் கடைசிக் கல்லும் ஆட்டம்கண்ட வேளையில், "சரி ஓகே, வெக்கிறேன்" என்றாள் அத்தை. வாகை! வெல்டர், போனின் திசையைப் பாராமல், கவளத்தை வெற்றிக்கொடியென உயர்த்திப் பட்டறை நடுங்க முழங்கினான்: "அப்பாடா, ரேடியோ நின்னுச்சுடா! காதுல ரத்தமே வந்துடுச்சு."

பாட்டிலில் சாய்ந்திருந்த ரேடியோ நிற்கவில்லை.

"கட் பண்ற பட்டன் எங்கன்னு தேடிக்கிட்டு இருக்கேன்டா. நல்லாவே கேட்டுச்சு."

"அத்தே, அது வந்து..."

"ஓகே. நாளையிலருந்து சோத்த நீயே கட்டிக்க."

அகிலம் உறைந்தது. அந்த ஓகேக்கு எதிர் ஓகே மூவுலகிலும் எவனும் வடித்ததில்லை; அதைத் தாங்கும் கேடயமும் எந்த உலையிலும் பிறந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் பன் வாங்கித் தின்றான், யாரும் போன் பண்ணவில்லை.