பௌர்ணமி வரிசை

"என்னிக்கு வேணா வாங்க மேடம்" என்று போனில் சொன்னபோது எழிலரசி காலண்டரைப் பார்க்கவில்லை. திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவள், சென்னை அதிகாரி கேட்ட பௌர்ணமி நாளுக்குச் சரியென்றுவிட்டாள்.

"கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்டி இன்னிக்கு பௌர்ணமின்னு!" என்றாள் நசீம் பானு. பகலில் ஜாக்கெட் தைப்பவள். நாடகத்தில் ராணி.

மருந்துக்கடையில் பில் போடும் எழிலரசிதான் ராஜா. குழுவில் ஆறு பெண்கள், யாருக்கும் சம்பளமில்லை. இப்படி ஆசைக்கு நடிக்கிறவர்களுக்கு உதவும் சென்னை அறக்கட்டளையிலிருந்து சந்திரகலா மேடம் வருகிறார். அவர் சரியென்றால் ஒரு வருடத்துக்கு ஒத்திகைக் கூடம் இலவசம். இல்லையென்றால் குழு கலைய வேண்டியதுதான். நிபந்தனை ஒன்றே: ஜனங்கள் உட்கார்ந்து கடைசிவரை பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஒத்திகை நடக்கும் அந்த ஒரு மாலையில்தான் எழிலரசிக்குத் தன் குரல் தனக்கே கேட்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வழக்கமான மண்டபத்தில் கிரிவலத்துக்கு வந்தவர்கள் படுத்திருந்தார்கள். நசீமின் அண்ணன் கலீல் ரஹ்மான் கிரிவலப் பாதையில் இருந்த தன் மரக்கடையை ஒழித்துக் கொடுத்தார். எழிலரசி கைகூப்பினாள்.

"விடும்மா. தங்கச்சி ராணியா நடிக்கிறா, அரண்மனைகூட இல்லன்னா எப்படி?"

அரண்மனை கிடைத்தது. ஆட்கள்தான் இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்களை ஏற்றிய பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைவாசலில் லட்சம் கால்கள் போயின, ஒன்றும் திரும்பவில்லை.

"நம்மள்ல ரெண்டு பேர் போய் வரிசையா நில்லுங்க" என்றாள் நசீம்.

"எதுக்கு?"

"நில்லுங்கடி, சொல்றேன்."

நின்றார்கள். மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்து நின்றார். "என்ன போடறாங்க?"

"தெரியலைங்க."

அவர் பின்னால் பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் வரிசை டீக்கடையைத் தாண்டி வளைந்தது. பாதிப் பேர் கையில் பாக்குமட்டைத் தட்டு.

"ஐயோ, சோறுன்னு நெனச்சிக்கினாங்கடி!" என்றாள் எழிலரசி.

போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார். "பர்மிஷன் வாங்கினீங்களா?"

"அன்னதானம் இல்ல சார், நாடகம்."

"நாடகமா? அதுக்கா இவ்ளோ கூட்டம்?" அவருக்கே பெருமையாகிவிட்டது. வரிசைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "தள்ளாதீங்க! உள்ள போய் உக்காருங்க, எல்லாருக்கும் கெடைக்கும்!"

எழிலரசிக்கு ராஜாவின் ஒட்டுமீசை வியர்வையில் நழுவியது.

சந்திரகலா மேடம் வெறுங்காலோடு நடந்தே வந்து சேர்ந்தார். கூட்டத்தைக் கண்டு கண் விரிந்தது. "இவ்வளவு பேரா! எந்த ஊர்லயும் பார்த்ததில்லைங்க!"

நாடகம் தொடங்கியது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திய ராணியிடம் ராஜா மன்றாடும் காட்சி. "கதவைத் திற, தேவி!" என்றபடி எழிலரசி திரும்பினாள். முன்வரிசையில் தட்டுகள் தெரிந்தன. காலையிலிருந்து நடந்த கால்கள், புழுதி, நம்பிக்கையோடு நிமிர்ந்த முகங்கள். கடை கொடுத்தவர், வரிசையை ஒழுங்குபடுத்தியவர், இவ்வளவு தூரம் நடந்துவந்த மேடம். எத்தனை பேர் இரக்கத்தில் இந்த மேடை நிற்கிறது! அதன்மேல் ஒரு பொய்யை வைத்து நிற்க அவளால் முடியவில்லை.

மீசையைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்க. இங்க சாப்பாடு கெடையாது. ஆள் சேர்க்க நாங்கதான் வரிசை கட்டினோம். நாடகம் மட்டும்தான் இருக்கு. பசியா இருக்கறவங்க எழுந்து போங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ராணி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மேடம் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

யாரும் எழவில்லை. விளங்கவில்லையோ என்று எழிலரசி மறுபடி வாயெடுத்தாள்.

முன்வரிசையில், தட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த அம்மாள் கையமர்த்தினாள்.

"உள்ள வந்து உக்காரும்போதே தெரியும் கண்ணு. சோறு வழி நெடுக ஜாஸ்தியா போடறாங்க, துன்னு துன்னு மூச்சு வாங்குது. கதை இங்கதான் போடறாங்க. மீசைய ஒட்டிக்கினு சொல்லு, அவ கதவைத் தொறந்தாளா இல்லியா?"