விதியை எழுதியவர்கள்

"அப்பா, வழிகாட்டியும் ஆய்வு மாணவரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதாமே? உங்க புது விதியிலேயே அப்படி இருக்காமே?"

மகள் இப்படிக் கேட்டபோது பேராசிரியர் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது.

முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நாடு முழுவதற்கும் பொதுவாகப் புது விதிமுறை வகுக்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள் அல்லவா, அதில் பேராசிரியரும் ஓர் உறுப்பினர். வரைவு செங்கல் கனத்தில் வந்தது. கடைசிக் கூட்டத்தன்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவரும் போட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது. அதற்குமேல் அந்த விதிமுறையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த மேடையில் ஏறினாலும் "விதிமுறைக் குழுவில் இருந்தவர்" என்றுதான் அவரை அறிமுகம் செய்வார்கள். அப்படிப்பட்டவர் இப்போது போய்ப் படிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

"இருக்காமே என்ன? இருக்கு. அதை எழுதினதே நான்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவருடைய ஆய்வு மாணவன். துறையில் அவனுக்கு 'நிரந்தரம்' என்று பட்டப்பெயர். வந்து ஒன்பது வருடமாகிறது. அத்தியாயம் கொடுக்க அவன் வீட்டுக்கு வந்து வந்து, அவள் கதவைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு, இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

"மீறினா என்னப்பா ஆகும்?" என்றாள் மகள், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

விதியை எழுதியவர் தண்டனை தெரியாமல் விழிக்கலாமா? "வழிகாட்டியா இருக்கற தகுதியே போயிடும்," என்றார்.

"அப்படின்னா கல்யாணத்துக்கு முன்னாடி அவரோட ஆய்வேட்டை முடிச்சுக் கொடுத்துடணும், இல்லப்பா?"

ஆய்வேடு முடிந்து நாலு வருடமாகிறது. ஈரச் சுவர்களில் வளரும் பாசியைப் பற்றியது. பேராசிரியரின் மேஜையில்தான் கிடந்தது. யார் கேட்டாலும், "இன்னும் கொஞ்சம் மெருகேத்தணும்" என்பார். பாசியே அதற்குள் மூன்று சுவர் ஏறிவிட்டது என்று துறையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

துறைக்கு வந்ததும், அவனுக்கு வேறு வழிகாட்டி பிடிக்கலாம் என்று நேராக எதிர் அறைக்குப் போனார். அங்கே இருப்பவருக்குப் பெயர் கத்தரி. யார் பேசினாலும் பாதியிலேயே நறுக்கிவிடுவார்.

"சார், என் பையனை நீங்க கொஞ்சம்..."

"எடுத்துக்கறேன். ஆனா தலைப்பை மாத்தணும். எனக்குப் பாசி ஆகாது, பூஞ்சைதான். முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும். மூணு வருஷத்துல முடிச்சிடலாம். ஆமா, திடீர்னு ஏன்?"

பேராசிரியர் விதியைச் சொன்னார். கத்தரியின் முகம் வெளுத்தது. அவரிடம் ஆய்வு செய்வது சொந்த மச்சினியின் மகள். ஆனாலும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவர் என்ன முதலாண்டு மாணவரா?

"தெரியும் சார். இப்படி ஒரு விதி வேணும்னு அப்பவே கருத்து எழுதி அனுப்பினவனே நான்தான்!"

மத்தியானத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது. துறைத்தலைவி அவசரக் கூட்டம் போட்டார். அவரிடம் அவருடைய தம்பி மனைவி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அதற்கென்ன, "இந்த யோசனையை முதன்முதலா ஒரு கருத்தரங்குல சொன்னதே நான்தான்" என்றுதான் அவரும் ஆரம்பித்தார்.

பிறகு எல்லோரும் பேராசிரியர் பக்கம் திரும்பினார்கள்.

"சார், சம்பந்தி சொந்தத்துல சேர்த்தியா?"

"சேர்த்தி."

"ஒண்ணுவிட்ட சித்தப்பா?"

"அவரும்தான்."

"பெரியம்மா மருமகளோட அண்ணன் சார்?"

பேராசிரியருக்குத் தலை சுற்றியது. "மூணு தலைமுறை!" என்று பொதுவாக ஒரு கோடு கிழித்தார். அறையில் பல பேர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் கத்தரி கேட்டார்: "நிச்சயம் ஆனாலே சொந்தமா, இல்ல கல்யாணம் ஆனாத்தான் சொந்தமா?"

எல்லோருடைய கண்ணும் பேராசிரியர் மேல். கல்யாணம் ஆனால்தான் என்று சொன்னால், தன் வீட்டு வசதிக்கு விதியை வளைக்கிறார் என்பார்கள். நேர்மை தலைக்கேறியது.

"நிச்சயம் ஆன நிமிஷத்துலேர்ந்து சொந்தம்தான்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்யாணம் வரைக்கும் இருந்த மூன்று மாத அவகாசமும் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

வீட்டில் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"மோதிரம் வாங்கியாச்சு. ஊரையே கூப்பிட்டாச்சு," என்றாள் மனைவி. "உங்க விதியிலேயே ஏதாவது சலுகை இருக்கும், எடுத்துப் பாருங்களேன்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் மனப்பாடம்."

ஆனாலும் மறுநாள் திருட்டுத்தனமாக நூலகத்துக்குப் போனார். விதிமுறையின் தன்னுடைய பிரதியில் கையெழுத்திட்டு அங்கேதான் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் நூலகர் எழுந்து ஓடி வந்தார்.

"சார்! நீங்க எழுதின விதியை நீங்களே தேடறீங்களா?"

"சேச்சே, காத்தாட வந்தேன்," என்று ஒரு தோட்டக்கலைப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இணையத்திலாவது பார்க்கலாம் என்றால், விதிமுறையை வெளியிட்ட ஆணையத்தின் தளம் வழக்கம்போலப் படுத்திருந்தது.

வேறு வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஆய்வேட்டைத் திறந்தார்.

படிக்கப் படிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிரமாதமான வேலை. நாலு வருடத்துக்கு முன்பே பிரமாதம்தான். ஓரத்தில் அவருடைய சிவப்பு மையில் ஒரு வருடம் 'நீளம், சுருக்கவும்' என்றிருந்தது. அடுத்த வருடம் அதே இடத்தில் 'சுருக்கம், விரிக்கவும்'. பையன் முகம் சுளிக்காமல் இரண்டையும் செய்திருந்தான்.

தான் ஏன் இத்தனை நாள் அதில் கையெழுத்துப் போடவில்லை என்பது அவருக்கு அப்போது நன்றாகவே விளங்கியது. கையெழுத்துப் போட்டால் அவன் போய்விடுவான். அப்புறம் மத்தியானத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிட யார் இருக்கிறார்கள்? பாசியைப் பற்றி நாலு வார்த்தை சண்டை போட யார் இருக்கிறார்கள்? அந்த ஆய்வுக்கூடத்தில் தனியாக இருக்க அவருக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம்.

அவனைக் கூப்பிட்டார். வந்து நின்றவனிடம் பேனாவைக் காட்டினார்.

"போட்டுடப் போறேன்யா."

"சரி சார்."

"போட்டா நீ போயிடுவியே."

நிரந்தரம் அவரையே பார்த்தான். "எங்க சார் போகப் போறேன்? உங்க வீட்டுக்குத்தானே வரப் போறேன்?"

பேராசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆய்வேடு அன்றைக்கே அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. அத்தோடு வழிகாட்டியின் வேலை முடிந்தது.

அந்த வாரம் துறையே அமர்க்களப்பட்டது. கத்தரி மச்சினி மகளின் ஆய்வேட்டை ஒரே மூச்சில் படித்து அனுப்பினார். துறைத்தலைவியும் தம்பி மனைவிக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்று தலைமுறைக்குள் சிக்கிய எல்லோருக்கும் விமோசனம் கிடைத்தது. பல வருடமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த மாணவர்கள் தாழ்வாரத்தில் பல் தெரியச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையக் கூட்டம். மோதிரம் மாற்றி முடிந்தது. பேராசிரியருக்கு மனம் நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, நிபுணர் குழுவின் தலைவரே வாழ்த்துச் சொல்ல வந்து சேர்ந்தார். அவர் இனிப்பை வாயில் போட்டாரோ இல்லையோ, கத்தரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அந்தச் சொந்தக்காரர் விதி இருக்கே, அபாரம்!"

பேராசிரியர் அவசரமாக அவர்கள் பக்கம் நகர்ந்தார். மூன்று தலைமுறை என்று அளந்தது இப்போது சந்தி சிரிக்கப் போகிறது.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு இனிப்பை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த விதியா! குழுவுல பாதிப் பேர் எதிர்த்தாங்க. ஒத்தைக் காலில நின்னு அதைச் சேர்த்ததே நான்தான்."

"கருத்து எழுதினது நான்," என்றார் கத்தரி.

"யோசனை என்னோடது," என்று துறைத்தலைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாசகத்தை எழுதினது யாருங்கறேன்?" என்று பேராசிரியரும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவரே சொல்லிவிட்டார், இனி என்ன பயம்? நால்வரும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோய், தண்ணீர் குடிக்கப் பேராசிரியர் சமையலறைப் பக்கம் போனார். உள்ளே தாயும் மகளும் பாத்திரங்களுக்கு நடுவே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ஏண்டி, இதே அடுப்படியில நீயா இட்டுக்கட்டின விதிக்கு, வெளியில இத்தனை பேரு அப்பனா?"