பம்ப் கடைக்காரரின் மன்னிப்பு

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கிராம சேவையாளருக்கு ஒரு கடிதம் எழுதவே மூன்று தாள் கிழிப்பேன். எழுத வந்த துணிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டாவளையில் அரை ஏக்கர் மிளகாய் வைத்திருந்தோம். பரந்தனில் ஒரு கொம்பனி முகவரின் கடையில் புது வாட்டர் பம்ப் வாங்கினேன். பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். பூக்கிற நேரத்தில் கன்றுகள் வாடத் தொடங்கின. கடைக்குக் கொண்டுபோனேன். முகவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"மண்வெட்டி பிடிக்கிற ஆக்களுக்கு மெசின் எதுக்கு? என்னட்டைக் கேக்காதேங்கோ. கொம்பனியைக் கேளுங்கோ."

கடை நிறைய ஆட்கள். நான் "ஓம், நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன். (ஏச்சு வாங்கி நன்றி சொன்ன ஆள் வன்னியில் நான் ஒருவன்தான்.)

"நன்றி சொன்னனீங்களோ?" மனைவி தலையில் கை வைத்தாள். "பம்பையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ கிளிநொச்சிக்கு. கொம்பனியிலை நீங்கள்தான் கதைக்கோணும்."

அங்கே முகாமையாளர் ஓர் அம்மா. பஸ்ஸில் பாடமாக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்கட பெயர்ப்பலகைக்குக் கீழை இருந்து ஏசினவர். அது நாங்கள் ஏசின மாதிரித்தான். நாளைக்கு உங்கட வீட்டை வந்து மன்னிப்புக் கேப்பார்."

நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன். அந்த நேரம் பார்த்து, என் பம்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் அதன் பெற்றோல் மூடியோடு வந்தார்.

"அண்ணை, இதிலை காத்துப் போற சின்ன ஓட்டை ஒண்டு இருக்கு. அது அடைபட்டால் பெற்றோல் இறங்காது, மெசின் நிண்டுடும். அதுக்கு மேலை ஆர் சந்தனம் அப்பினது?"

புது மெசினுக்குச் சந்தனம் வைக்காமல் எங்கள் ஊரில் யார் ஓட்டுவார்? வைத்தவன் நான்தான். பக்தி கூடி மூன்று விரலால் அப்பியிருந்தேன். அவர் ஊசியால் குத்திவிட்டார். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. கன்றுகள் தப்பின என்ற நிம்மதியில் வெட்கமும் கொஞ்சம் மறந்தது.

"மன்னிப்பு வேண்டாம் அம்மா. பிழை எங்கட."

"சந்தனம் உங்கட பிழை. மூடியைத் திறந்தும் பாக்காமல் ஏசினது எங்கட பிழை. அது வேறை, இது வேறை."

இன்றும் வீட்டில் யாராவது புதுப் போன் வாங்கினால் மகள் சொல்வாள்: "அப்பா, கிட்ட வராதேங்கோ. அதுக்கு மூச்சு முட்டும்."

கிளிநொச்சிக்குப் போன மறுநாள் காலை முகவர் வந்து, வாசலில் நின்ற மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். நான் வெட்கத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குள் குந்தியிருந்து, அவர் போனபின் எழும்பினேன்.