கூப்பிடும் விரல்

வாசலைத் தாண்டியாகிவிட்டது. டாக்டர் இன்னும் கூப்பிடவில்லை.

ரத்தினம் அண்ணாச்சி நடையைக் குறைத்தார். காலடியிலேயே கிடந்த செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார். மாட்டிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். தென்காசி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதர். பேரம் படியாமல் எழுந்து போகிறவனைத் தெருவில் இறங்குமுன் கூப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம். இந்த எலும்பு டாக்டர் ஆதித்தனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்காமலே பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். அண்ணாச்சியின் வலதுகை ஆட்காட்டி விரல் கொஞ்ச நாளாகவே மடங்கினால் நிமிர மறுத்தது. காலையில் மோசம். இடது கையால் இழுத்தால் 'டக்'கென்று தெறித்து நிமிரும்.

"இதுக்குப் பேரு ட்ரிகர் ஃபிங்கர் அண்ணாச்சி. விரலை இழுக்கிற தசைநார் ஒரு உறைக்குள்ள ஓடுது. கத்திரிக்கோல் பிடிச்சுப் பிடிச்சு அது வீங்கி, உறையில சிக்குது. துப்பாக்கி விசை மாதிரி டக்குனு விடுது. ஆறு வாரம் கத்திரியத் தொடாதீங்க. ராத்திரி விரலுக்கு இந்தப் பட்டையை மாட்டிக்கோங்க."

"ஆறு வாரமா? சாரல் தொடங்குத நேரம். குற்றாலத்துக்குக் குளிக்க வாரவன் பாதிப் பேரு துண்டு இல்லாமத்தான் வாரான். வெட்டிக் குடுக்க வேண்டாமா? பத்து நாள் மாட்டுதேன்."

"இது ஜவுளிக்கடை இல்ல அண்ணாச்சி."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூணு வாரம்."

டாக்டர் அடுத்த டோக்கனுக்கு மணியடித்தார். அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று வீட்டில் முத்துசெல்வி கேட்டாள்.

"அவரு சொன்னது நமக்குக் கட்டுபடியாகல."

"அப்பம் கை சரியாவுத வரைக்கும் எந்தம்பி கல்லாவுல இருக்கட்டும்."

அண்ணாச்சிக்கு விரலைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது. மச்சினன் வேல்ராஜ் கோயம்புத்தூரில் பெரிய கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வந்த நாளாக ஒரே பாட்டு. "அத்தான், எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டிருவோம். ஒரே விலை. பேச்சே கெடையாது." விலையை ஒட்டிவிட்டால் வியாபாரி எதற்கு, சுவரே போதுமே என்பது அண்ணாச்சியின் கட்சி. இவன் கல்லாவில் ஒருமுறை உட்கார்ந்தால் அப்புறம் கிரேன் வைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

ஆகவே கொள்முதலுக்குக் கிளம்பினார். எங்கே வைத்தியம் மலிவோ, அங்கே.

குற்றாலத்தில் ஒரு எண்ணெய் மசாஜ்காரர், "ஒரே இழுப்புதான்" என்றார். ஆறு வாரம் எங்கே, ஒரு இழுப்பு எங்கே. லாபம் கண்கூடு. இழுத்ததில் விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. வீக்கம் வடியட்டும் என்று மெயினருவியில் போய்க் கையை நீட்டினார். அருவிக்கு விரலை மட்டும் பார்த்து விழத் தெரியவில்லை, தோளும் பிடித்துக்கொண்டது. செல்போனில் யாரோ ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க அமுக்கினார். மறுநாள் காலையில் விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. 'டக்'கும் போயிற்று.

அன்றைக்கென்று சாரலும் வந்தது, கூட்டமும் வந்தது.

திருவேங்கடத்திலிருந்து வேனில் வந்த ஒரு அம்மாள் துண்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டாள்.

"கட்டாது தாயி. வேற கடை பாருங்க" என்று அண்ணாச்சி கையை வீசினார்.

அவள் படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். கை போகச் சொன்னது. கொக்கி போல் மடங்கிய விரல் வரச் சொன்னது. வந்துவிட்டாள்.

"கூப்பிட்டீயள்லா அண்ணாச்சி. நாங் கேட்ட விலைக்கே போடுங்க."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கீய."

வேனில் வந்த அத்தனை பேரும் சாட்சி. அத்தனை பேருக்கும் அதே விலைக்குப் போயிற்று.

அதன்பின் அண்ணாச்சி கையைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசும் மாட்டுச்சந்தைப் பழக்கமுள்ள ஒரு பெரியவர் அதைப் பார்த்ததும் உற்சாகமாகி, துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து அமுக்கினார். அண்ணாச்சி "ஐயோ" என்றார். பெரியவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நாலு வேட்டியைக் கட்டச் சொன்னார்.

சாயங்காலம் முத்துசெல்வி கடைக்கே வந்துவிட்டாள். "எந்திரிங்க. இனி இங்கன இருந்தா விரலு கடையையே வித்துரும்."

அண்ணாச்சி டாக்டரிடம் போய்க் கையை மேஜையில் வைத்தார்.

"பட்டையையும் தாண்டிருச்சு, ஊசியையும் தாண்டிருச்சு" என்றார் டாக்டர். "சின்ன ஆபரேஷன். உறையை லேசாக் கீறி விடணும்."

"சரி."

"மரத்துப்போக ஒரு ஊசி போடுவேன்."

"சரி."

"தையல் பிரிக்கிற வரைக்கும் கடைப் பக்கம் போகக் கூடாது."

"சரி."

வாழ்நாளில் மறுபேச்சில்லாமல் அவர் வாங்கிய முதல் சரக்கு அதுதான். சரக்கில் குறை சொல்ல முடியாது. விரல் அங்கேயே, அப்போதே நிமிர்ந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் கடைச் செய்தி வந்துகொண்டிருந்தது. வேல்ராஜ் கையில் ஸ்டிக்கர் அடிக்கிற மிஷினோடு பேயாய் அலைகிறானாம். பனியன், ஜட்டி, துண்டு, பில் புத்தகம், எதையும் விடவில்லையாம். அண்ணாச்சி தனக்குத்தானே ஒரு சமாதானம் தயார் செய்துகொண்டார். டாக்டர் வைத்திருப்பதும் ஒரே விலைக் கடை. அங்கே பேரம் படியாதது பேரம் பேசியவன் குற்றமா? தொழில் திறமைக்கு ஒரு குறைவும் இல்லை. இன்று தையல் பிரிந்ததும் நேரே போய்க் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

தையலைப் பிரித்த நர்ஸ் மாரிச்செல்வியிடம் பெருந்தன்மையாகவே சொன்னார்.

"உங்க டாக்டரு பேரம் தெரியாத மனுசன்ம்மா. எம் மச்சினனுக்கும் அவருக்கும் நல்லாப் பொருந்தும்."

மாரிச்செல்வி பஞ்சை எடுத்து விரலைத் துடைத்தாள்.

"அவுகளும் ஸ்டிக்கர் மிஷினை அமுக்கி அமுக்கி விரலு மடங்கி நேத்து வந்தாவ அண்ணாச்சி, ஆறு வாரம்னதும் எந்திரிச்சு வெளிய போய்ட்டாவ, 'அந்த வீட்டுல ஒருத்தரைக் கூப்பிடாம விட்டது போதும்'னு டாக்டரே தெருவுக்கு ஓடிப்போயி கூப்பிட்டாந்து, ஒரு ஊசியோட மூணு வாரத்துக்கு முடிச்சுக் குடுத்துட்டாரு."