தொடாமலே வேலை செய்த பலகை

சீவரத்தினம் சேர் இன்னும் தொடவேயில்லை. அதற்குள் தொடுதிரைப் பலகையில் இருந்த இதயப் படம் தானாகவே பெரிதாகத் தொடங்கிவிட்டது. முதலில் பூசணிக்காயளவு, பிறகு பலகையளவு. கடைசியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் வெறும் சிவப்பு மட்டும் நின்றது.

வகுப்பைப் பார்க்க வந்து பின்வரிசை வாங்கில் இருந்த உதயகலா மிஸ் குனிந்து எதையோ எழுதினார்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய பலகை இது. மற்ற ஆசிரியர்கள் கிட்டப் போகவே பயந்தபோது, "உது எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அதிபரிடம் வாய் விட்டவர் சேர்தான். "அப்ப சரி, வலயக் கல்விக் கந்தோரிலையிருந்து உங்கடை வகுப்பைப் பார்க்க ஆள் வருது" என்றார் அதிபர். இரண்டு தரம் கைநழுவிய பதவி உயர்வு இப்போது இந்த மிஸ்ஸின் பேனையில்தான் இருக்கிறது என்று சேருக்கு விளங்கிவிட்டது.

"இதயத்தை இவ்வளவு கிட்ட நீங்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டியள்" என்றார், வேண்டுமென்றே செய்ததுபோல.

படத்தைச் சின்னதாக்க அமைப்புப் பகுதிக்குள் போனார். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத விரல் ஒன்று அவரை முந்திக்கொண்டு அமத்தியது. பலகை முழுக்கச் சீன எழுத்தாகிவிட்டது.

"சேர், இதிலை இதயம் எது?" என்றான் கஜானன்.

"பொறு, வாறன்."

நிற்பாட்டித் திரும்பப் போட்டார். சீனம் போகவில்லை. சீனத்தில் ஒரு பெண்குரலும் கூடச் சேர்ந்துகொண்டது. மிஸ் மறுபடி எழுதினார்.

முன்வாங்கு லவீனா மெல்ல எழும்பினாள். "சேர், பலகைச் சட்டத்திலை இருக்கிற சென்சரிலை சந்தனம் அப்பிக் கிடக்கு. அது விரல் வைச்ச மாதிரித்தான் பலகைக்கு விளங்கும்."

புதுச்சாமானைப் பொட்டு வையாமல் பாவிக்கக்கூடாது என்று திங்கட்கிழமை தேங்காய் உடைத்து, நாலு மூலையிலும் சந்தனம் வைத்தது சேர்தான். அவருக்கு மெல்லிசாக வைக்கத் தெரியாது. வைத்தால் வடை மாதிரித்தான் வைப்பார்.

"தெரியும் பிள்ளை. ஆராவது கண்டுபிடிக்கிறியளோ எண்டு பார்த்தனான்."

அவசரத்தில் கையில் அகப்பட்டது கரும்பலகை அழிக்கிற டஸ்ரர். ஒரே இழுப்பு. சந்தனம் போனது, சோக்குத்தூள் சட்டம் முழுக்க அப்பிக்கொண்டது. இப்போது ஒரு விரல் அல்ல, ஊரே சேர்ந்து அமத்தியது. இதயம் தலைகீழாகச் சுழன்றது. சீனப்பெண் விடாமல் கதைத்தாள். சேர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

'இந்த முறையும் போச்சு. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்' என்று தன்னையே ஏசிக்கொண்டு சோக்கை எடுத்தார். தொடுதிரை மறைத்தது போகக் கரும்பலகையில் ஒரு சாண் அகலம்தான் மிச்சம். அதில் இதயம் புடலங்காய் மாதிரி வந்தது. ஆனாலும் இரத்தம் எந்த அறைக்குள் வந்து எந்த அறையால் போகிறது என்று பிள்ளைகள் பிழையில்லாமல் சொன்னார்கள்.

மணி அடித்தது. மிஸ் கொப்பியோடு கிட்ட வந்தார். சேர் முந்திக்கொண்டார்.

"மிஸ், உள்ளதைச் சொல்லிப்போடுறன். உந்தப் பலகையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பார்த்துப் புள்ளியைப் போடுங்கோ."

மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ சேர், நான் புள்ளி போட வரேல்லை, உங்களிட்டைப் பார்த்துப் பழக வந்தனான். நாளைக்கு வலயத்து ஆசிரியர்மார் எல்லாருக்கும் உதைப் பாவிக்கிற விதம் படிப்பிக்கப் போறது நான்தான். நீங்கள் செய்ததை எல்லாம் ஒண்டும் விடாமல் எழுதிக்கொண்டெல்லோ இருந்தனான்."